இங்கிலீஷ் டீச்சர்களுக்குக் காசில்லாத படிப்பு: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் ஒரு வாசகிக்குப் பதில் சொல்லும்போது, "இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு இணையத்தில் காசில்லாமலே நல்ல பயிற்சி கிடைக்கிறது" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்று நாலு மாவட்டத்திலிருந்தும் கடிதம் வந்திருக்கிறது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு எடுத்து வைத்துவிட்டேன். இந்த முறை இதற்கு மட்டும்.

டீச்சர், நான் வலங்கைமான் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பி.டி.ஏ. சம்பளத்தில் ஆறாவது முதல் எட்டாவது வரை இங்கிலீஷ் எடுக்கிறேன். காசு கட்டிப் படிக்க வசதியில்லை. கம்ப்யூட்டர் கிடையாது, போன் மட்டும்தான். எங்கே ஆரம்பிப்பது?
(ஓர் ஆசிரியர், வலங்கைமான்)

வலங்கைமான் என்று பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது தம்பி. சீனிவாச சாஸ்திரியார் 1869-ல் பிறந்த ஊர். அவர் இங்கிலீஷ் பேசினால் இங்கிலாந்துக்காரர்களே காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம். அவரும் பள்ளிக்கூட வாத்தியாராகத்தான் வாழ்க்கையைத் தொடங்கினார், பிற்பாடு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக இருந்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் பிரிட்டிஷ் கவுன்சில் நடத்தும் 'டீச்சிங் இங்கிலீஷ்' என்ற தளத்துக்குப் போங்கள். பெயரைப் பதிவு செய்ய ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். பாடத்தைத் திட்டமிடுவது, வகுப்பை நடத்துவது, பிள்ளைகளைப் புரிந்துகொள்வது, மதிப்பிடுவது என்று தலைப்புத் தலைப்பாகச் சின்னச் சின்ன மாட்யூல்கள் இருக்கும். நம் நேரத்துக்கு நாமே படித்துக்கொள்ளலாம். ஆசிரியர் தொழிலை 12 கூறுகளாகப் பிரித்து, 'இதில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்' என்று நம்மை நாமே பார்த்துக்கொள்ள ஒரு பட்டியலும் வைத்திருக்கிறார்கள். அதை முதலில் செய்துவிடுங்கள், எதைப் படிக்க வேண்டும் என்று அதுவே வழி காட்டும்.

இரண்டாவது, டெஸ்-இந்தியா. இதைப் பற்றி நம் பக்கத்தில் தெரிந்தவர்கள் குறைவு, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். இங்கிலாந்தின் ஓப்பன் யுனிவர்சிட்டி, இந்திய ஆசிரியர்களுக்காக இந்தியக் கல்வியாளர்களோடு சேர்ந்து தயாரித்தது. தொடக்கப் பள்ளிக்குத் தனியாக, உயர்நிலைக்குத் தனியாக இங்கிலீஷ் பாடங்கள் இருக்கின்றன. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், வீடியோக்கள் நம் நாட்டு வகுப்பறைகளிலேயே எடுத்தவை. யூனிஃபார்ம் போட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள், கரும்பலகை, நெருக்கமான பெஞ்சு, எல்லாம் நமக்குப் பழக்கமான காட்சி. பாடங்களை பி.டி.எஃப். ஆக இறக்கிக்கொள்ளலாம், அச்செடுத்துப் பக்கத்து டீச்சருக்கும் கொடுக்கலாம், அதற்கு அனுமதி உண்டு. சிக்னல் இல்லாத ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்? பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது இறக்கி வைத்துக்கொண்டு, ராத்திரி வீட்டில் படியுங்கள்.

மற்றவை சுருக்கமாக. ஓப்பன் யுனிவர்சிட்டியின் 'ஓப்பன்லேர்ன்' படிப்புகள் இலவசம், கலந்துகொண்டதற்கான சான்றும் இலவசம். 'ஃபியூச்சர்லேர்ன்' தளத்தில் சேர்வதற்குக் காசு கேட்காத படிப்புகள் உண்டு, ஆனால் அவை குறிப்பிட்ட வாரங்களுக்குத்தான் திறந்திருக்கும், சான்றிதழ் வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும். நம் மத்திய அரசின் 'ஸ்வயம்' 2017-லிருந்து இருக்கிறது. அதில் ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டெல். படிப்புகளை இலவசமாகக் கேட்கலாம், தேர்வு எழுதினால்தான் 1,000 ரூபாய். தேர்வு நேரில் போய் எழுதுவது, வீட்டிலிருந்து முடியாது. அரசு ஆசிரியர்களுக்கு 'டிக்‌ஷா' என்ற அரசுத் தளத்தில் நிஷ்தா என்ற ஆசிரியர் பயிற்சிகள் ஏற்கெனவே பழக்கம்தான்.

இத்தனையும் சொல்லிவிட்டேனே என்று எல்லாவற்றிலும் பெயரைப் பதிந்துவிடாதீர்கள். ஒன்றே ஒன்று. ஒரு மாட்யூல் படித்ததும் அதிலிருந்து ஒரே ஒரு காரியத்தை எடுத்து, வருகிற திங்கட்கிழமை வகுப்பில் செய்து பாருங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டு, என்ன செய்தேன், பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று நாலு வரி எழுதுங்கள். அந்த நாலு வரி எழுதாமல் அடுத்த மாட்யூலுக்குப் போகாதீர்கள்.

இந்தச் சான்றிதழ் டெட் தேர்வுக்கோ டி.ஆர்.பி.க்கோ உதவுமா?
(ஒரு பட்டதாரி, பாபநாசம்)

உதவாது. ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் வேறு, அரசு ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுக்கிற டி.ஆர்.பி. வேறு, இது வேறு. தனியார் பள்ளி நேர்காணலில் கோப்பில் வைத்துக் காட்டலாம், பேச ஒரு விஷயம் கிடைக்கும், அவ்வளவுதான். தேர்வுக்குப் படிக்கிற நேரத்தை எடுத்து இதில் போடாதீர்கள்.

நீங்கள் சொன்னதற்கு முன்பே நான் ஒரு படிப்பு முடித்தேன். அதில் பன்னிரண்டு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஆளுக்கொரு கலர் அட்டை. என் வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேர், பெஞ்சை நகர்த்தினால் பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்க்கிறார். இது நமக்கு ஒத்துவராத வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று விட்டுவிடலாமா?
(ஓர் ஆசிரியை, ஒரத்தநாடு)

விட்டுவிடாதீர்கள் அம்மா. உங்கள் கோபம் நியாயம், நானும் அதே கோபத்தோடு பாதியில் மூடி வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு விஷயம் சொல்கிறேன். இந்தப் படிப்புகளில் 'டாஸ்க்' வைத்துச் சொல்லிக்கொடுப்பது என்று ஒன்று அடிக்கடி வருமே, அதாவது இலக்கண விதியை முதலில் சொல்லாமல், யோசித்து முடிக்க வேண்டிய ஒரு வேலையைக் கொடுத்து, அதைச் செய்கிற போக்கிலேயே மொழி ஒட்டிக்கொள்ளட்டும் என்பது. அந்த யோசனை உலகம் முழுக்கப் பேசப்பட்டதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு என்ற ஆங்கிலக் கல்வியாளர் பெங்களூரிலும் சென்னையிலும் நடத்திய வகுப்புகள். நம்மைப் போன்ற சாதாரணப் பள்ளிகளில், கூட்டமான வகுப்புகளில்தான் நடந்தது. கலர் அட்டையெல்லாம் கிடையாது. கரும்பலகையில் ரயில் நேர அட்டவணையை எழுதிப் போட்டுக் கேள்வி கேட்பது, வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடிப்பது, இப்படித்தான். அது நம் சமாச்சாரம் அம்மா, இங்கிருந்து போய்ச் சுற்றிவிட்டு நமக்கே திரும்பி வந்திருக்கிறது.

உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் தஞ்சாவூர், பட்டுக்கோட்டை, மன்னார்குடி பஸ் நேரம் எழுதியிருப்பார்கள். அதில் எட்டு வண்டியை எடுத்துப் பலகையில் எழுதுங்கள். 'உங்கள் பாட்டியைப் பத்து மணிக்குள் தஞ்சாவூர் மெடிக்கலுக்குக் கூட்டிப்போக வேண்டும், எந்த பஸ், ஏன்?' என்று இங்கிலீஷில் கேளுங்கள். பெஞ்சை நகர்த்தவே வேண்டாம், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிஷம் பேசிவிட்டு ஒரு வரி எழுதட்டும். பஸ் விட்டு இறங்கி நடக்கிற நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று எந்தப் பிள்ளையாவது கேட்கும் பாருங்கள், அப்போது அது இங்கிலீஷில் யோசிக்க ஆரம்பித்துவிட்டது.

இன்னொன்று, உச்சரிப்பு. வெளிநாட்டுப் பாடத்தில் பல மொழிக்காரர்கள் ஒரே வகுப்பில் இருப்பார்கள் என்று வைத்துப் பொதுவாகச் சொல்வார்கள். நமக்கு என்ன தேவை என்று நமக்குத்தான் தெரியும். குண்டூசிக்கும் 'பின்', குப்பைத் தொட்டிக்கும் 'பின்', தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து. பிள்ளையின் காதிலும் ஒன்றாகத்தான் விழும். நான் செய்தது இது: நோட்டிலிருந்து மெல்லிய தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, உதட்டுக்கு முன்னால் தொங்கவிடச் சொல்வேன். குண்டூசியைச் சரியாகச் சொன்னால் தாள் படக்கென்று ஆடும், ஏனென்றால் இங்கிலீஷில் அந்த ஒலி சொல்லின் முதலில் வரும்போது ஒரு காற்றோடு வெடித்து வரும். குப்பைத் தொட்டிக்குத் தாள் அசையாது. நாற்பத்தெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் செய்யலாம், செலவு இரண்டு தாள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மறுநாள் வீட்டில் வாழைச் சருகை வைத்துச் செய்து பார்த்ததாக வந்து சொன்னான், ஆடவே இல்லையாம். சருகு கனம் என்று அவனே காரணமும் சொன்னான்.

இங்கிலீஷ் வகுப்பில் தமிழ் பேசவே கூடாது என்று எங்கள் பள்ளியில் உத்தரவு. ஆன்லைன் படிப்புகள் என்ன சொல்கின்றன?
(பெயர் வேண்டாம், மயிலாடுதுறை)

இன்றைய நல்ல படிப்புகள் எதுவும் தாய்மொழியை வெளியே நிறுத்தச் சொல்வதில்லை. டெஸ்-இந்தியாவில் பன்மொழி வகுப்பறை பற்றியே பாடம் இருக்கிறது. எங்கே தமிழ், எங்கே இங்கிலீஷ் என்று யோசித்துப் பயன்படுத்து என்பதுதான் பேச்சு. வகுப்பு முழுக்கத் தமிழிலேயே ஓட்டிவிட்டுப் பாடத்தை மட்டும் வாசிப்பதும் தப்பு, பிள்ளை முகம் சுண்டி உட்கார்ந்திருக்கும்போது தமிழில் ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பதும் தப்பு.

ஒரு உதாரணம். 'பிரசன்ட் பெர்ஃபெக்ட்' எடுக்கிறீர்கள். சூத்திரம் எழுதிப்போட்டால் மனப்பாடம் செய்வார்கள், அடுத்த வாரம் மறப்பார்கள். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறப்பது நம் பிள்ளைகளுக்குக் காலண்டர் பார்க்காமலே தெரியும். 'போன வருஷம் வாய்க்காலில் தண்ணீர் வந்தது', 'வாய்க்காலில் தண்ணீர் வந்திருக்கிறது'. இந்த இரண்டையும் தமிழில் சொல்லி, 'எந்த வாக்கியத்தைக் கேட்டால் இப்போதே ஓடிப் போய்ப் பார்க்கலாம்?' என்று கேளுங்கள். வகுப்பே இரண்டாவது என்று கத்தும். அப்புறம் 'வாட்டர் ஹேஸ் கம்' என்று பலகையில் எழுதுங்கள். இப்படி ஒரு சின்னக் கேள்வியால் பொருள் புரிந்ததா என்று பார்ப்பதற்கு அந்தப் படிப்புகளில் 'கான்செப்ட் செக்கிங்' என்று பெயர். 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் 'புரிஞ்சுது டீச்சர்' என்றுதான் சொல்லும். இந்த ஒன்றைக் கற்றுக்கொள்வதற்காகவே ஒரு மாட்யூல் படிக்கலாம்.

உத்தரவு போட்டவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஒருநாள் உங்கள் வகுப்பில் வந்து பின் பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள்.

நான் பி.எட். படிக்கவில்லை, பி.காம். கல்யாணத்துக்குப் பிறகு மன்னார்குடியில் வீட்டில் சாயங்காலம் பதினைந்து பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன். எனக்கெல்லாம் இந்தப் படிப்பு கொடுப்பார்களா?
(ஒரு வாசகி, மன்னார்குடி)

தாராளமாக. இவற்றில் சேர யாரும் பி.எட். கேட்பதில்லை. சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பற்றிய பாடங்களை முதலில் எடுங்கள். 'எழுந்திரு, திரும்பு, ஜன்னலைத் தொடு' என்று உடம்பால் செய்யவைத்தே மொழியைப் பழக்கும் முறை ஒன்று வரும், முற்றம் இருக்கிற வீட்டுக்கு அது ரொம்பப் பொருத்தம். பதினைந்து பிள்ளை என்பது பள்ளிக்கூட டீச்சருக்குக் கிடைக்காத பாக்கியம், அதை ஹோம்வொர்க் முடிப்பதிலேயே செலவழித்துவிடாதீர்கள். தினம் பத்து நிமிஷம் பேச்சுக்கு ஒதுக்குங்கள்.

ஃபேஸ்புக்கில் '120 மணி நேர டெஃபல் படிப்பு, முற்றிலும் இலவசம், வியட்நாமில் வேலை' என்று விளம்பரம் வந்தது. படிப்பு முடித்ததும் சான்றிதழுக்கு 4,500 ரூபாயும், வேலைக்கு முன்பணமும் கேட்கிறார்கள். கட்டலாமா?
(ஓர் இளைஞர், வேதாரண்யம்)

கட்டாதீர்கள். முன்பணம் என்ற பேச்சு வந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

டெஃபல் என்பது இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி. அந்த 120 மணி நேரம் என்கிற எண்ணைப் பார்த்துத்தான் நிறையப் பேர் மயங்குகிறார்கள். உலகம் முழுக்க மதிக்கிற செல்டா சான்றிதழ், கேம்பிரிட்ஜ் கொடுப்பது, அதற்குத்தான் 120 மணி நேரம் என்று கணக்கு. அதில் ஆறு மணி நேரம் நிஜமான மாணவர்களுக்கு முன்னால் நின்று பாடம் எடுக்க வேண்டும், பயிற்சியாளர் உட்கார்ந்து பார்த்துக் குறை நிறை சொல்வார். வீடியோ பார்த்து 'டிக்' அடித்துக்கொண்டே போகிற படிப்பில் அந்த ஆறு மணி நேரம் இல்லை. மணிக்கணக்கு ஒன்றாக இருந்தால் சரக்கும் ஒன்றாகிவிடாது. நான் மேலே சொன்ன நல்ல இலவசப் படிப்புகளுக்கும் இதே எல்லைதான், அவை உங்களை நல்ல டீச்சராக்க உதவும், விசா வாங்கித் தராது. வெளிநாட்டில் பட்டச் சான்றிதழ், அதன் அட்டஸ்டேஷன், போலீஸ் சான்று என்று வேறு கணக்குகள் இருக்கின்றன.

வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்ட் மூலம் போவதாக இருந்தால், அவர் வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைகிரேட்' தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், அதற்கும் ரசீது கொடுக்க வேண்டும். கஜா புயலில் தென்னையெல்லாம் சாய்ந்து இப்போதுதான் நிமிர்ந்திருக்கிற ஊர் உங்களுடையது. வீட்டில் யாருடைய நகை அடகுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். எம்.ஏ. இங்கிலீஷ் படித்துவிட்டேன், ஆனால் பேச வரவில்லை. எனக்கே வராதபோது இந்தப் பயிற்சி எதற்கு? என்னைக் கேட்டால் நான் வேறு வேலைக்குப் போவதுதான் நியாயம் என்று தோன்றுகிறது.
(ஓர் ஆசிரியை, நாகப்பட்டினம்)

இந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன் அம்மா. கும்பகோணத்து ராமானுஜன் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தபோது அவர் கோட்டைவிட்ட பாடங்களில் இங்கிலீஷும் உண்டு. அதனால் இங்கிலீஷ் வராவிட்டால் பரவாயில்லை என்று சொல்லவில்லை, ஒரு பாடத்தில் திணறுவதை வைத்து ஒருவரை அளக்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டு வேலை இருக்கிறது, பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் இங்கிலீஷை வளர்ப்பது ஒன்று, சொல்லிக்கொடுக்கும் திறமையை வளர்ப்பது இன்னொன்று. முதலாவதற்கு, வகுப்பில் தினமும் வேண்டிய வாக்கியங்களை மட்டும் எடுங்கள். 'ஜோடியாக உட்காருங்கள்', 'யாருக்காவது வேறு பதில் இருக்கிறதா', 'நேரம் முடிந்தது', இப்படி ஐம்பது வாக்கியம். டீச்சிங் இங்கிலீஷில் வகுப்பறை மொழிக்கென்றே பகுதி உண்டு. வாய்விட்டுச் சொல்லிப் போனில் பதிவு செய்து கேளுங்கள். ஐம்பதும் நாக்கில் படிந்துவிட்டால் வகுப்பில் பாதி பயம் போய்விடும்.

இரண்டாவதற்கு என் அனுபவம். வேலையில் சேர்ந்த புதிதில் என்னை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மூன்று நாளும் ஒருவர் தாளைப் பார்த்து வாசித்தார், நாங்கள் எழுதிக்கொண்டோம், கடைசியில் டீ பிஸ்கட்டோடு ஒரு ஃபைல் கொடுத்தார்கள். திரும்பி வந்து அதே மாதிரிதான் வகுப்பெடுத்தேன், யாரும் என் வகுப்பைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓய்வு பெற மூன்று வருஷம் இருக்கும்போதுதான் ஓர் ஆன்லைன் பாடத்தில், 'உங்கள் வகுப்பைப் பதிவு செய்து, கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்' என்று இருந்தது. போனை மேஜையில் வைத்துப் பதிவு செய்து, ராத்திரி கேட்டேன். கேள்வி கேட்கிறேன், உடனே நானே பதில் சொல்கிறேன். மறுபடி கேள்வி, மறுபடி என் குரல். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களிலேயே இதைச் சொல்லியிருக்கிறார், ஆசிரியர்கள் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடி ஆக்கினால் பிள்ளைகளின் பதில் நீளும், பேசாத பிள்ளையும் பேசும் என்று. மறுநாள் கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். மூன்றாவது பெஞ்சில், ஆஜர் சொல்லும்போது மட்டும் குரல் கேட்கும் பெண் ஒருத்தி, கையைப் பாதி தூக்கினாள். ஒரே வார்த்தைதான் சொன்னாள், சரியான வார்த்தை. முப்பது வருஷமாக எத்தனை பிள்ளைகளுக்கு அந்த மூன்று நொடியைக் கொடுக்காமல் விட்டேனோ என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

காத்திருப்பதற்குச் சரளமான இங்கிலீஷ் வேண்டாம் அம்மா. அதை நாளைக்கே செய்யலாம். வேலையை விடாதீர்கள்.

எங்கள் ஒன்றியத்தில் ஆறு பேர் சேர்ந்து படிக்கலாம் என்று இருக்கிறோம். எப்படி நடத்துவது?
(ஆசிரியர்கள் ஆறு பேர், நீடாமங்கலம்)

இந்த மாதம் வந்ததில் எனக்கு அதிக மகிழ்ச்சி தந்த கடிதம். தனியாகப் படிக்கிறவர்கள் மூன்றாவது வாரத்தில் நின்றுபோவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

1960 வாக்கில் நம் மாநிலத்தில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. தொடக்க நிலையில் இங்கிலீஷ் எடுக்கும் 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க, முதலில் சிலருக்குச் சொல்லிக்கொடுப்பது, அவர்கள் போய் மற்றவர்களுக்கு, அவர்கள் அடுத்தவர்களுக்கு என்று. உருட்ட உருட்டப் பெரிதாகும் பனிப்பந்து மாதிரி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்த வகைப் பயிற்சியில் எப்போதும் இருக்கிற சிக்கல், கை மாறக் கை மாற நீர்த்துப்போவது. கடைமடைக்கு வரும் தண்ணீர் மாதிரி. இணையப் படிப்பில் ஆறு பேரும் மடைவாயிலேயே நிற்கிறீர்கள், நடுவில் யாரும் இல்லை. அதனால் ஒருவர் படித்து மற்ற ஐந்து பேருக்குச் சொல்வது என்று வேலையைப் பிரித்துக்கொள்ளாதீர்கள், ஆறு பேரும் அதே மாட்யூலைப் படித்துவிட்டு வாருங்கள்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை, சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் போதும். கொள்முதல், அறுவடை சமயத்தில் பாதிப் பேர் வயலில் இருப்பீர்கள், அந்த மாதத்தில் கூட்டம் வைக்காதீர்கள். 'என்ன படித்தேன்' என்று யாரும் பேச வேண்டாம், 'திங்கட்கிழமை என்ன செய்தேன், என்ன ஆச்சு' என்பதைத்தான் பேச வேண்டும். சரியாக வராததையும் சொல்ல வேண்டும், அதைக் கேட்டு யாரும் சிரிக்கக்கூடாது. முடிந்தால் மாதம் ஒருமுறை ஒருவர் வகுப்பில் இன்னொருவர் போய் உட்காருங்கள், தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு. செல்டாவுக்குப் பணம் கட்டி வாங்குகிற அந்த ஆறு மணி நேரத்துக்கு நம் கையில் இருக்கிற மாற்று இதுதான்.

அரசு ஆசிரியர்கள் யாராவது இருந்தால், பெங்களூரில் 1963-லிருந்து தென் மாநில ஆசிரியர்களுக்காக நடக்கும் மண்டல ஆங்கில நிறுவனத்தின் 30 நாள் நேரடிப் பயிற்சிக்கு அலுவலகம் வழியாகப் பெயர் கொடுத்து வையுங்கள்.

முதல் கூட்டத்துக்கு எதையும் படித்துவிட்டு வர வேண்டாம். ஆறு பேரும் ஒரு வகுப்பைப் போனில் பதிவு செய்து எடுத்து வாருங்கள், பத்து நிமிஷம் போதும். கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.